பதின்மூன்றாம் மாதம் போட்ட நல்லதம்பி

நல்லதம்பி இறந்த செய்தி எனக்குப் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் கிடைத்தது. செருப்பு வார் அறுந்து, தைப்பவரிடம் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் அரியலூர் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "சார், நம்ம நல்லதம்பி போயிட்டாரு! காலையில நெஞ்சு வலின்னாரு, அவ்வளவுதான்!" என்றார். மேலும் ஏதோ சொன்னார். அதற்குள் பஸ் திரும்பிவிட்டது. நான் குனிந்து, வார் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வரட்டும் என்று தைப்பவரிடம் சொன்னேன். இறுக்கித் தைத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறை மோர் கேட்டு வாங்கிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

அவருக்கு நாற்பத்தேழு வயது. எனக்கும் அதுவே. பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். நண்பர்கள் அல்ல. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி கேட்டவர்களிடம் இதைச் சொன்னேன். "நீங்கதான் சார் அவருக்கு மேலதிகாரி, நீங்க எழுதினாத்தான் பொருத்தம்" என்றார்கள். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்களும் பொருத்தமாகத்தான் பேசினார்கள். அவரை எடைமேடைக்குத் தூக்கியடித்தபோது வாயைத் திறக்காதவர்கள் 'கணிப்பொறி மேதை' என்றார்கள். உயிரோடு இருந்தவரை "ஏய் நல்லதம்பி" என்று கூப்பிட்டவர் ஒலிபெருக்கியில் "நல்லதம்பி ஐயா" என்றார். நான் பேசவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊருக்குப் போனேன். அவர் மனைவி பழனியம்மாள், "வாங்க சார், உக்காருங்க. வூடு இப்படித்தான் கெடக்கு" என்று பாயை விரித்தார். மூத்த மகள் கலைச்செல்வி டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். பணியில் இறந்தவரின் வாரிசுக்குக் கொடுக்கும் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அது அதற்குள்ளேயே திரும்பி வந்திருந்தது.

"ஏதோ குறிப்பு இருக்காம் சார், அவரு ரிக்கார்டுல" என்றார் பழனியம்மாள். "வேணும்னே தகவலை மறைச்சாருன்னு எழுதியிருக்காம். இந்த மனுசன் யாருகிட்ட சார் எதை மறைச்சாரு? சம்பளக் கவரக்கூட பிரிக்காம கொண்டாந்து குடுப்பாரே."

"அம்மா, சாருக்குத் தெரியாததா?" என்றாள் மகள்.

தெரியும். அந்தக் குறிப்பு என் அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் இப்போது அந்த ஒரு வரியில் நிற்கிறது. அந்த வரி எப்படி எழுதப்பட்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு, எங்களிடம் இருந்த ஒரு பழைய புரோகிராமைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

ஆலைக்குக் கணிப்பொறி வந்தது எழுபத்தெட்டில். இரண்டு பீரோவை ஒட்டிவைத்தது போல் இருக்கும். திருச்சியில் கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்திருந்த என்னை அதற்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யும் தட்டச்சும் முடித்திருந்த நல்லதம்பி அட்டையில் துளை போடும் ஆபரேட்டர். அவருடைய தகப்பனாரும் தாயாரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஏ.சி. அறைக்குள் முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவர், கடைசி வரை அப்படியே நுழைந்தார். இயந்திரத்துக்குத் தூசி ஆகாது என்பார்.

புரோகிராம் செய்த வேலை ஒன்றுதான். எந்த விவசாயியின் கரும்பை எந்த வாரம் வெட்ட வேண்டும் என்று பட்டியல் போடும். பாடாலூரிலிருந்து உடையார்பாளையம் வரை ஆலைக்குப் பதிவு செய்த கரும்பு நின்றது. முன்னால் வெட்டினால் சாறு இனிக்காது, பின்னால் வெட்டினால் காய்ந்து சக்கையாகிவிடும். சாறு எடுத்துப் பார்த்து வெட்டும் வழக்கம் அப்போது எங்களிடம் எல்லா வயலுக்கும் இல்லை. வயதுதான் கணக்கு. அதுவரை அந்தப் பட்டியலைக் கரும்பு அலுவலர்கள் கையால் போட்டார்கள். யாருக்கு யார் வேண்டியவரோ அவர் கரும்பு முன்னால் வரும். கணிப்பொறி வந்த பிறகு அது நின்றது. அதற்காகவே என்னை வெறுத்தவர்கள் இன்றும் ஆலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த மலர் போய்ச் சேரட்டும்.

புரோகிராமை எழுதிக் கொடுத்தது சென்னையில் இருந்த ஒரு சிறிய கம்பெனி. ஒரு விவசாயிக்கு ஒரு அட்டை, ஒரு அட்டையில் எண்பது கட்டம். எங்கள் பக்கம் ஒரே ஊரில் ஆறு செல்லமுத்து இருப்பார்கள். தலைப்பெழுத்து இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது. தலைப்பெழுத்துக்கு ஒரு கட்டம் தேவைப்பட்டது. வருஷத்தில் ஓர் எண்ணை எடுத்துவிட்டார்கள். எழுபத்தெட்டு என்பதை வெறும் எட்டு என்று போட்டால் போதும். பார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான்தான்.

எண்பதாம் வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் வந்த பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. வெள்ளைத் தாள் வந்தது. வருஷம் பூஜ்ஜியமாகிவிட்டதால், ஒன்பதில் நட்ட கரும்பெல்லாம் இன்னும் முளைக்கவே இல்லை என்று இயந்திரம் முடிவு செய்துவிட்டது. ஆலை ஓடிக்கொண்டிருந்தது, வெட்ட ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். நான் மூன்று நாள் சென்னைக்கு டிரங்க் கால் போட்டுக்கொண்டிருந்தேன். எடுத்தவர்கள் எழுதிப்போடுங்கள் என்றார்கள். எழுதிப்போட்டேன்.

மூன்றாம் நாள் நல்லதம்பி கேட்டார். "சார், டிசம்பரு முடிஞ்சாத்தானே ஜனவரி வரும்? நாம முடிக்காம வுட்டுட்டா?"

"என்ன சொல்றீங்க?"

"எழுபத்தொம்பதையே வச்சுக்குவோம். இந்த மாசத்தைப் பதிமூணுன்னு போடுவோம். ஏத்துக்குதான்னு பாப்போம். ஏத்துக்கலைன்னா திட்டப் போவுதா?"

ஏற்றுக்கொண்டது. மாதம் பன்னிரண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதற்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. அன்று மதியம் பட்டியல் வந்தது, ஒரு பிழை இல்லாமல். ஜெனரல் மேனேஜர் எட்டிப் பார்த்து, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "எம்.எஸ்ஸி. மூணு நாளா டெலிபோன் பண்ணிச்சு, எஸ்.எஸ்.எல்.சி. ஒரு நிமிஷத்துல முடிச்சிடுச்சு" என்றார். ஆலைக்கு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் பல வருஷம் இதைச் சொல்லிச் சிரித்தார். நல்லதம்பி ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்துவைத்திருந்தேன். இருந்தும் அவர்மேல் எனக்கு ஏற்பட்டது போகவில்லை.

நான் சென்னைக்கு எழுதிய கடிதங்களில் கடைசி ஒன்று, விலாசதாரர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள். புரோகிராமை எழுதிய கையெழுத்துப் பிரதியும் அவர்களோடு போய்விட்டது. இனி அதில் ஒரு வரி திருத்த முடியாது. இருப்பது இருக்கிறபடி ஓடும், அல்லது நிற்கும். அந்த நிலையில் நாங்கள் அதை ஏழு வருஷம் ஓட்டினோம்.

ஓட்டினோம் என்றால், எங்கள் கரும்புப் பிரிவு முழுவதும் எழுபத்தொன்பதிலேயே குடியிருந்தது. பதின்மூன்று, பதினான்கு என்று மாதம் ஏறிக்கொண்டே போனது. விவசாயிக்குப் போகும் வெட்டு உத்தரவிலும் அந்த எண்தான் அச்சாகும். முதலில் கேலி செய்தவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள். பாடாலூர் டீக்கடையில், "எனக்கு எம்பத்தஞ்சு, ஒனக்கு எப்ப?" என்று பேசிக்கொள்வார்கள். எண்பத்தைந்து என்றால் எண்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம் என்று எல்லோருக்கும் தெரியும். வயல்களைச் சுற்றிவரும் ஒரு பீல்டுமேன் விடுப்பு கேட்டு வந்து என் எதிரே நின்று, "வூட்டுல பிரசவம் சார், எம்பத்தாறாம் மாசம்" என்றார். நல்லதம்பி துளை போடுவதை நிறுத்தாமல், "யானைக்கே அவ்வளவு ஆவாது, பாத்துய்யா" என்றார். அந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

சிரித்தாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் பொறாமை மட்டும் இல்லை. எண்பத்துநாலில் நல்லதம்பிக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டார். மூன்று வாரமும் உருப்படியான பட்டியல் இல்லை. எந்த அட்டையை முதலில் போட வேண்டும், எந்த இடத்தில் இயந்திரம் முரண்டு பிடிக்கும், அப்போது எதை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது, தாளில் இல்லை. திரும்பி வந்ததும் சொன்னேன், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள் என்று. "எழுதிடுறேன் சார்" என்றார். அடுத்த வாரம் கேட்டேன், "பாதி முடிஞ்சுது சார்" என்றார். பிறகு நானும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை. அது அவருடைய தவறு. இறந்துவிட்டார் என்பதற்காக இதை நான் மாற்றி எழுதமாட்டேன்.

அட்டை கல்கத்தாவிலிருந்து வர வேண்டும். ரிப்பன் கிடைக்காது. ஏ.சி. பழுதானால் இயந்திரம் படுத்துவிடும். இதையெல்லாம் சொல்லி, புதிய கணிப்பொறியும் புதிய புரோகிராமும் வேண்டும் என்று நான் தலைமை அலுவலகத்துக்கு எழுத ஆரம்பித்தேன். நல்லதம்பியிடமும் வாதாடியிருக்கிறேன். செய்தவனே கைவிட்ட ஒன்றை, திருத்த முடியாத ஒன்றை, ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக வைத்துக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம் என்று சொன்னேன். அவர் சொன்ன பதில் இது: "பழசு சொல்ற பொய்யெல்லாம் நமக்குத் தெரியும் சார். புதுசு என்ன பொய் சொல்லும்னு இனிமேத்தான் கத்துக்கணும். கத்துக்குறதுக்குள்ள ஒரு அரவை சீசனே போயிடும்." அன்று இதை ஒரு பயந்தவனின் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

என் கையில் அசைக்க முடியாத ஒரு வாதம் இருந்தது. மாதத்துக்கு அட்டையில் இரண்டு கட்டம்தான். எண்பத்தேழு மார்ச் தொண்ணூற்றொன்பதாம் மாதம். ஏப்ரலுக்கு எண் கிடையாது. அத்தோடு புரோகிராம் செத்துவிடும் என்று எழுதினேன். "சாவாது சார்" என்றார் நல்லதம்பி. "நிக்கிற கரும்புக்கெல்லாம் புதுசா அட்டை போட்டு, வருஷத்தை ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சா மறுபடி எட்டு வருஷம் ஓடும்." சரியான யோசனை. எனக்கே தோன்றியிருக்க வேண்டியது. நான் அதைத் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை.

புதிய கணிப்பொறி எண்பத்தாறு கடைசியில் வந்தது. மேசைமேல் வைக்கலாம். ஒரு நாள் வேலையைச் சில நிமிஷத்தில் முடித்தது. புதிய புரோகிராம் மாதம் பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே எங்கள் விசித்திர மாதங்களையெல்லாம் உண்மையான தேதிகளாக மாற்ற ஒரு கணக்கு எழுதினேன். மறுதாம்பு, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் கரும்பு, நட்ட கரும்பைவிட இரண்டு மாதம் முன்னால் முற்றும். பழைய புரோகிராமுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. புதியதுக்குத் தெரியும். அதை ஒரு பெரிய சிறப்பு என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். பழைய புரோகிராமுக்குத் தெரியாத விஷயத்தை இத்தனை வருஷம் யார் சமாளித்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. கணிதம் படித்தவன் யோசித்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். என் அறையில் புதிய இயந்திரத்தை விற்ற கம்பெனியின் என்ஜினீயர் உட்கார்ந்திருந்தார். நல்லதம்பி வாசலில் வந்து நின்றார்.

"சார், தேதி மாத்துறீங்களாமே."

"மாத்தியாச்சு, நல்லதம்பி. வெறும் கூட்டல் கழித்தல்தானே."

"இல்ல சார், அதுல ஒண்ணு இருக்கு. மறுதாம்புத் தேதி நாம போடுறது..."

"அப்புறம் பேசலாம்."

"ரெண்டு நிமிசம் சார்."

"அப்புறம்னு சொன்னேனில்ல?"

என்ஜினீயர் சிரித்துக்கொண்டே, "பழைய ஆபரேட்டருங்களுக்கு எப்பவுமே ஒண்ணு இருக்கும் சார்" என்றார். நானும் சிரித்தேன். நல்லதம்பி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். 'அப்புறம்' என்று நான் சொன்னது வரவே இல்லை. நான் கூப்பிடவில்லை. அவரும் மறுபடி வரவில்லை.

மார்ச் முதல் வாரம் புதிய பட்டியல்கள் போயின. இரண்டாம் வாரம் பாடாலூர்ப் பக்கத்திலிருந்து செல்லமுத்து என்ற விவசாயி ஒரு முழுக் கரும்போடு என் அறைக்கு வந்தார். அதைக் கணிப்பொறி மேசையின்மேல் வைத்தார்.

"மென்னு பாருங்க சார்."

"ஆபீஸ்ல எப்படிங்க..."

"பரவால்ல, தோலு நான் சீவித் தரேன்."

மடியிலிருந்து கத்தியை எடுத்துச் சீவி, ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். மென்றேன். தண்ணீரும் பச்சை வாசமும் வந்தன.

"என்ன ருசி சார்?"

"அவ்வளவா இனிப்பு இல்ல."

"எட்டு மாசக் கட்டைக் கரும்பு எப்படி இனிக்கும்? அதைத்தான் ஒங்க மிசினு வெட்டச் சொல்லுது. ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க. நாளைக்கு அருவா வைக்கிறாங்க. வேணாம்னா என் மொறை போயிடும்ங்கிறாரு பீல்டுமேன். மொறை போனா சித்திரை வெயில்ல நின்னு காஞ்சுடும். நான் என்னதாங்க பண்றது?"

கணிப்பொறி வயதைச் சரியாகத்தான் போட்டிருக்கும், உங்கள் பதிவில் ஏதாவது பிழை இருக்கலாம், விசாரிக்கிறேன் என்றேன். "எங்க கரும்பு எப்பத் துளுத்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். கரும்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் அவருடைய வயலை வெட்டிவிட்டார்கள்.

வெட்டிய அன்று மதியமே நல்லதம்பி கையில் பட்டியலோடு வந்தார். இந்த முறை கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. "சார், மறுதாம்பு பூராவும் ரெண்டு மாசம் முன்னாடி வருது. பழைய புரோகிராமுக்கு மறுதாம்பு தெரியாதுங்கிறதால அட்டையில நான் ரெண்டு மாசத்தைக் கழிச்சுத்தான் போடுவேன். இதுவும் தன் பங்குக்கு ரெண்டைக் கழிக்குது. வெட்டை நிறுத்தச் சொல்லுங்க சார்."

ஒரு நொடியில் எனக்கு முழுவதும் புரிந்தது. ஏழெட்டு வருஷமாக அவர் அப்படித்தான் போட்டு வந்திருக்கிறார். அட்டையில் துளை போடும் பஞ்சிங் மேசையில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதால் எனக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறார்கள். நான் அந்த மேசையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

உடனே நிறுத்தியிருக்க வேண்டும். புதிய கணிப்பொறியைப் பார்வையிட அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. சரிபார்த்துக்கொண்டு சொல்கிறேன் என்று ஒன்பது நாள் இழுத்தேன். அவர்கள் வந்து, பார்த்து, காபி குடித்து, பாராட்டிவிட்டுப் போன பிறகுதான் ஜெனரல் மேனேஜரிடம் சொன்னேன். அந்த ஒன்பது நாளில் இன்னும் எத்தனை வயல்களில் அரிவாள் வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. அந்த விவசாயிகளில் சிலர் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு அது தெரிந்ததுதான்.

பிறகு நடந்ததை அவரை அறிந்தவர்கள் பலர் நேரில் பார்த்தீர்கள். நல்லதம்பியும் இரண்டு பெண் ஆபரேட்டர்களும் ஐந்து நாளில் நிற்கிற கரும்புக்கெல்லாம் புது அட்டை போட்டார்கள். வருஷம் ஒன்று, மாதம் இத்தனை என்று. மூலையில் முடங்கிக் கிடந்த பழைய இயந்திரத்தைத் துடைத்து ஓடவிட்டார்கள். யாரும் ஒரு வரியைக்கூடத் திருத்தாத, யாருமே பொறுப்பேற்காத அந்தப் புரோகிராம் மிச்ச அரவையைச் சரியாக முடித்துக் கொடுத்தது.

பழையதே மேல் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வருஷம் தேதிகளைத் திருத்திய பின் புதிய புரோகிராம்தான் ஓடியது. இன்றும் நன்றாக ஓடுகிறது. "வேகந்தான் சார், ஒத்துக்கணும்" என்று நல்லதம்பியே சொன்னார். பழைய புரோகிராம் தானாக நல்லது செய்யவில்லை. அது ஒவ்வொரு வாரமும் தப்பாகத்தான் சொன்னது. எப்படித் தப்பாகச் சொல்லும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருக்கும் வரை அது பயன்படும். அவரைக் கேட்காமல் அதைத் தூக்கிப் போட்டால், அவருக்குத் தெரிந்ததையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம். எனக்கு இது புரிய ஒரு கரும்பை மெல்ல வேண்டியிருந்தது.

விசாரணைக் குழு ஜூனில் உட்கார்ந்தது. அதற்கு நான் கொடுத்த அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'மறுதாம்புப் பதிவுகளில் ஆபரேட்டர் தன்னிச்சையாக மாதங்களைக் குறைத்துப் பதிந்து வந்துள்ளார். தேதிகளை மாற்றும் சமயத்தில் இந்தத் தகவல் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.' தெரிவிக்கப்படவில்லை என்பதை நான் சொல் சொல்லாக யோசித்து எழுதினேன். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை அல்லவா? முடிக்காத வாக்கியம் தகவல் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழுவின் தலைவர் நல்லதம்பியைக் கேட்டார், "நீங்க இவர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?" நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

"சொல்லப் போனேன் சார். சாருக்கு வேலை. காதுல சரியா வுழுந்திருக்காது."

அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றினார் என்று நீங்கள் நினைக்கலாம். குழு அதை அவருடைய ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, தகவலை மறைத்தார் என்று அவருடைய பணிப்பதிவேட்டில் குறித்து, எடைமேடைக்கு மாற்றியது. அவர் கத்தியிருக்கலாம். என்ஜினீயர் சாட்சி என்று சொல்லியிருக்கலாம். சங்கத்திடம் போயிருக்கலாம். எதையும் செய்யவில்லை. அதற்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. எடைமேடையைக் கடந்து போகும்போதெல்லாம், "வாங்க சார்" என்பார். டிராக்டர்களுக்கு நடுவில், வெயிலில், தலையில் துண்டோடு. நான் தலையசைத்துவிட்டுப் போவேன்.

போன வாரம் பணியாளர் பிரிவுக்குப் போய் ஒரு மனுக் கொடுத்தேன். எண்பத்தேழு பிப்ரவரியில் என் அறைக்கு வந்து நல்லதம்பி எச்சரித்தார், நான் கேட்க மறுத்தேன், மார்ச்சில் அவர் முழுவதும் சொன்ன பிறகும் ஒன்பது நாள் வெட்டை நிறுத்தவில்லை, என் அறிக்கையின் அந்த வரி பொய், அதன் அடிப்படையில் போட்ட குறிப்பை நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். பணியாளர் அலுவலர் என்னைவிடச் சின்னவர். இரண்டு முறை படித்தார்.

"இதை ரிக்கார்டுல ஏத்தினா உங்க மேல நடவடிக்கை வரும், தெரியுமில்ல சார்?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைக்கும்னும் நான் உத்தரவாதம் தர முடியாது. மேல அனுப்புறேன்."

"அனுப்புங்க."

முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். வெளியே வந்தேன். மனப்பாரம் இறங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒன்றும் இறங்கவில்லை. கலைச்செல்விக்கு என்ன பதில் வரும் என்று எனக்கும் தெரியாது. வருகிறவரை இந்த மலரைப் படிக்கிறவர்களுக்காவது நடந்தது தெரியட்டும்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு வழக்கம். பீல்டுமேனோ, ஆபரேட்டரோ, விவசாயியோ, யார் வாசலில் வந்து நின்றாலும் உள்ளே கூப்பிட்டு எதிரே உட்காரச் சொல்கிறேன். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. பெரும்பாலும் பிரயோஜனமில்லாத விஷயங்களாகத்தான் இருக்கின்றன. அன்பினால் இதைச் செய்யவில்லை. இதனால் எனக்கு நல்ல பெயரும் கிடைக்கவில்லை. நேற்று ஒருவர் அரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்தார். "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் கதவைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.